சிதம்பரம்பிள்ளை அவர்களின் சிறைநாட்கள்

மனிதன் நாடோறும் நுகர்ந்தும், நுகர்வதை அறியாத பேறுகள் சில உள. அவற்றுள் ஒன்று தன் பொழுதைத் தான் பகுத்துக்கொள்ளும் உரிமை. வைகறையில் எழுதலும், நீராடலும், திருநீறணிந்து வழிபடுதலும், உண்ணலும், தொழிற்குச் செல்லலும், மாலையில் மனைவி மக்களோடு அளவளாவலும், விளக்கை அணைத்துத் துயிலலும் ஆகிய இவையெல்லாம் பெரும்பாலும் நம் விருப்பின்வழி நிகழ்கின்றன. இவ்வுரிமை அடியோடு பறிக்கப்படும் இடம் சிறைச்சாலை. அங்கே மதிலும் இரும்புக் கம்பியும் காட்சிக்குப் பெரியன; ஆயினும் கைதியை உண்மையிற் பிணிப்பது பிறர் அவனுக்கு வகுத்துவைத்த பொழுதேயாம்.

கப்பலோட்டிய தமிழர் எனப் போற்றப்படும் வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்களின் வரலாற்றை நம் பாடசாலைகளிற் படிப்பிக்கும்போது, அவர் சிறையிற் செக்கிழுத்தார் என்னும் ஒரு செய்தியைச் சொல்லி, மாணாக்கர் கண்ணீர் சொரியக் கண்டு, அம்மட்டில் நிறுத்திவிடுகின்றோம். அவர் சிறைப்பட்டிருந்த காலமோ நான்கு ஆண்டுகளும் ஒன்பது மாதங்களுமாம். அத்துணை நாட்களும் எவ்வாறு கழிந்தன? எழுந்தவுடன் என் செய்தார்? என்ன உண்டார்? யாரோடு பேசினார்? கூர்மையுள்ள மாணாக்கன் ஒருவன் இவ்வினாக்களை எழுப்புவானாயின் நாம் விடையிறுக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆதலின், அப்பெரியாரின் வாழ்க்கையைச் சுருக்கமாகவும், சிறைவாழ்வைச் சிறிது விரிவாகவும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பிள்ளை அவர்கள் திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் உலகநாதபிள்ளை, தாயார் பரமாயி அம்மையார். தந்தையார் வழக்கறிஞர், மைந்தரும் அத்தொழிலுக்குரிய பரீட்சையிற் சித்தியடைந்து, முதலில் ஒட்டப்பிடாரத்திலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் வழக்கறிஞராய் விளங்கினார். தமிழிலும் சைவத்திலும் இளமைதொட்டே பற்றுடையவர். தூத்துக்குடிச் சைவ சித்தாந்த சபையோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் நமது கொழும்புக்கும் இடையே நிகழ்ந்த கப்பற் போக்குவரத்து ஆங்கிலேயக் கம்பனியொன்றின் கைக்குள் அடங்கியிருந்தது. அதனை எதிர்த்துச் சுதேசிக் கப்பற் கம்பனியொன்றைப் பிள்ளை அவர்கள் 1906 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நிறுவினார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை வளர்த்த பாண்டித்துரைத் தேவரே அதற்குத் தலைவராயினார். மூலதனம் பத்து இலட்சம் ரூபா. பங்கு ஒன்றின் விலை 25 ரூபா. முதலில் வாடகைக்கு அமர்த்திய கப்பல்கள் எதிராளிகளின் முயற்சியாற் கைவிட்டுப் போகவே, பிள்ளை அவர்கள் கொழும்புக்கு வந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பெற்றுச் சென்றார். அடுத்த ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் கம்பனிக்குச் சொந்தமாயின. எதிர்க் கம்பனியார் கட்டணத்தைக் குறைத்தும், பின் கட்டணமின்றியும் ஆட்களை ஏற்றிச் சென்றும் போட்டியிட்டனர். இவ்வாறு இலங்கைத் தமிழராகிய நமக்கும் அக்கப்பல்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

1908 ஆம் ஆண்டின் முற்பகுதியில் தூத்துக்குடிக் கோரல் நூலாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, பிள்ளை அவர்களும் அவர்தந் துணைவராகிய சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். தொழிலாளர் வென்றனர். அதன்பின் சின்னாட்களுள், மார்ச்சு மாதம் 12 ஆந் திகதி, இருவரும் கைதுசெய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கலகத்திற் பொலிசார் சுட்டதனால் நால்வர் மாண்டனர். வழக்கை விசாரித்த பின்ஹே என்னும் நீதிபதி, யூலை மாதம் 7 ஆந் திகதி தீர்ப்புரைத்தார். அரசுக்கு விரோதமாகப் பேசினார் என்பதற்கு ஒன்றும், சிவாவுக்கு உடந்தையாயிருந்தார் என்பதற்கு ஒன்றுமாக இரண்டு ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனைகள் பிள்ளை அவர்களுக்கு விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டின் பயனாக அது பெரிதுங் குறைக்கப்பட்டது. அந்தமானுக்கு அனுப்புதலும் நிகழவில்லை. எஞ்சியது கடுங்காவல். தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியால் அவர் தம்பியார் மீனாட்சிசுந்தரம் அறிவு கலங்கிப் பித்தராயினார். சிறையின் வேதனை சிறைக்குள் மாத்திரம் நிகழ்வதன்று என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாம்.

இனி, சிறைநாட்களைக் கூறுவாம்.

விசாரணைக் கைதியின் நிலை வேறு, தண்டனைக் கைதியின் நிலை வேறு என்பதை முதலில் அறிதல் வேண்டும். இந்தியச் சிறைகளை ஆண்டது 1894 ஆம் ஆண்டின் சிறைச்சட்டம். அதன்படி விசாரணையில் இருப்பவன் தன் சொந்த ஆடையை உடுக்கலாம், வீட்டாரிடமிருந்து உணவு பெறலாம், வேலை செய்யவேண்டுவதில்லை. பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தபோது பிள்ளை அவர்களின் நிலை இதுவே. தண்டனை விதிக்கப்பட்டுக் கோயம்புத்தூர் மத்திய சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் எல்லாம் ஒருநாளில் மாறின. தலைமயிர் மழிக்கப்பட்டது. சொந்த உடை களையப்பட்டுச் சிறையின் முரட்டுச் சட்டையும் அரைச் சல்லடமும் குல்லாவும் தரப்பட்டன. காலில் விலங்கு ஏறியது. நேற்றுவரை நியாயசபையில் எழுந்து நின்று பிறர்க்காக வாதாடிய ஒருவர், இன்று கணக்கிற் சேர்ந்த ஓர் இலக்கம் ஆயினார்.

அக்காலச் சிறையின் ஒருநாட் பொழுதை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையிற் பூட்டுத் திறக்கப்படும். கைதிகள் வரிசையாகக் குந்தியிருக்க, அதிகாரிகள் எண்ணுவர். எண்ணிக்கை சரியானாலன்றி ஒருவரும் அசைதல் கூடாது. காலைக்கடனுக்குச் செல்வதும் வரிசையாகவே. அங்கே மறைவும் இல்லை, தாமதிக்க அனுமதியும் இல்லை. நாணம் என்னும் நற்குணம் முதல் வாரத்திலேயே அடிபட்டு வீழும் இடம் அது. பின்னர்த் தகரப் பாத்திரத்திற் கூழ் வார்க்கப்படும். அடுத்து வேலை. நடுப்பகலில் உணவு, திரும்பவும் வேலை, மாலையில் மீண்டும் எண்ணிக்கை, பொழுது சாயுமுன்னரே பூட்டு. அந்திவேளையில் நாம் விளக்கேற்றித் தேவாரம் ஓதும் நேரத்தில், கைதிக்கு நாள் முடிந்துவிடுகின்றது. அதன்பின் விடியுமட்டும் நீண்ட இருள். இராக்காவலர் குறித்த வேளைதோறும் கூவி எண்ணுவதனால் துயிலும் துண்டுபட்டுப் போகும்.

இந்நாள் ஒன்றாயின் எவரும் பொறுக்கலாம். நாளையும் இதுவே, மறுநாளும் இதுவே, அடுத்த ஆண்டும் இதுவே என்னும் எண்ணமே சிறையின் மெய்யான பாரம். வெளியில் வாழும் நமக்குத் திருவிழாவும் விரதமும் பருவமும் நாட்களை வேறுபடுத்திக் காட்டுகின்றன. சிறையில் ஒருநாளைப் பிறிதொரு நாளினின்றும் வேறுபடுத்துவது நோயோ தண்டனையோ அன்றிப் பிறிதில்லை.

வேலையின் தன்மையை இனி நோக்குவோம். பிள்ளை அவர்களுக்கு முதலிற் கொடுக்கப்பட்டது சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றும் வேலை. எழுதுகோலும் ஏடும் பிடித்துப் பழகிய கைகள் தோலுரிந்து குருதி சிந்தின. பின்னர் எண்ணெய்ச் செக்குக்கு அனுப்பப்பட்டார். செக்கு நம் ஊர்களிலும் கண்டறிந்த பொருளே. உரலில் எள்ளை இட்டு, உலக்கையைப் பிணித்து, நுகத்தில் மாட்டைப் பூட்டிச் சுற்றவிடுவர். மாடு தலைசுற்றாதிருக்கக் கண்ணை மறைப்பதும் உண்டு. மாடு செய்யும் அவ்வேலையை வெயிலில் மனிதரைக் கொண்டு செய்வித்தனர். நடக்கின்றார், ஆனால் ஓரிடத்துக்கும் செல்கின்றிலர். காலையிற் புறப்பட்ட இடத்திலேயே மாலையிலும் நிற்கின்றார். உடலின் நோவு பெரிது. ஆயினும் அதனினும் பெரிது, அறிவுடைய ஒருவரது நடையை அறிவுக்கு இடமில்லாத நடையாக்கியதே என்று நாம் கருதுகின்றோம். அவர் இழுத்த செக்கு எனக் காட்டப்படும் ஒன்று சென்னையிற் கிண்டியிலுள்ள காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதனைக் காண்போர் கல்லின் பருமையைக் காண்பர். நாட்களின் எண்ணிக்கையைக் காணார்.

ஆயினும் வரலாறு எழுதுவோர் உண்மையை மிகைபடக் கூறலாகாது. சிறைவாச முழுவதும் அவர் செக்கே இழுத்துக்கொண்டிருந்தார் என்று எண்ணுதல் பிழை. அவ்வேலையினின்றும் அவர் பின்பு நீக்கப்பட்டார். வேறு வேலைகளும் தரப்பட்டன. உண்மையில் நிகழ்ந்தவையே மாணாக்கரின் உள்ளத்தை உருக்கப் போதியனவாதலின், அவற்றின்மேல் ஒன்றைக் கூட்டவேண்டிய தேவை நமக்கு இல்லை.

மேற்கூறிய சிறைச்சட்டம் கைதியின் உடலைப்பற்றிக் கவலை கொண்டது போலவுங் காணப்படும். ஒருநாளில் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. வேலை செய்யும் கைதிகளின் நிறையை வைத்தியர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையேனும் நிறுத்துப் பதிதல் வேண்டும் என அது விதித்தது. அதே சட்டம், கட்டளை மீறியவனுக்கு முப்பது அடிவரை கசையடி கொடுக்கவும், மூன்று மாதம்வரை சாக்குத்துணி உடுப்பிக்கவும், உணவைக் குறைக்கவும், தனியறையில் அடைக்கவும் இடங்கொடுத்தது. ஒருகையால் நிறுத்துப் பார்த்தும், மறுகையால் அடித்தும் நடாத்தப்பட்ட வாழ்வு அது. நிறுத்துப் பார்ப்பது அன்பினாலன்று. உழைக்கும் மாட்டை உடையவன் பேணுமாறு போல்வதே. கடும்வேலையாலும் ஒவ்வாத உணவாலும் பிள்ளை அவர்களின் உடல்நலம் சிறையிலே மிகவுங் குன்றியது.

கைதிகளை ஆள்வோர் உயர்ந்த அதிகாரிகள் மாத்திரமல்லர். நெடுங்காலத் தண்டனை பெற்றவருள் அதிகாரிகட்கு இசைந்து நடப்போரைத் தெரிந்து மற்றைக் கைதிகளுக்குக் காவலராக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அவரும் கைதிகளே, ஆயினும் கையிற் சிறிது அதிகாரம் பெற்றவர். தாம் பட்டதைப் பிறரும் படவேண்டும் என்று விழைவோர் அவருட் சிலர், இரக்கமுடையோர் சிலர். நாள்தோறும் எதிர்ப்படும் கொடுமையும் நன்மையும் பெரும்பாலும் இவர்வழியே வந்தன. ஆகவே, சிறைவாழ்வின் இன்பதுன்பங்கள் சட்டப் புத்தகத்திலன்று, பக்கத்தில் நிற்பவனது மனநிலையிலேயே தங்கியிருந்தன எனல் பொருந்தும்.

இத்தகைய இடத்திலும் பிள்ளை அவர்களைக் கைதிகள் மதித்தனர். கொலையும் களவும் செய்து வந்தவர்கள் அவரைக் கண்டவிடத்துக் கைகூப்பினர். ஒரு கைதி மற்றொரு கைதியைக் கும்பிடுவது அதிகாரிகட்குப் பொறுக்கவில்லை. கும்பிட்டவன் அவர்தம் சினத்துக்கு ஆளானான். ஒருவன் தன் கைகளைக் கூப்புதற்கும் உரிமை இல்லாத இடம் சிறை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? எழுத்தறியாத கைதிகளுள்ளும் ஒருவனிடத்து மரியாதை என்னும் உணர்ச்சி அழியாதிருந்தது. அதனை வெளிக்காட்டியதற்கு விலையுங் கொடுத்தான். பிள்ளை அவர்களின் பெயர் ஏடுகளில் நிற்கின்றது. கைகூப்பிய அவனும் நம் வணக்கத்துக்கு உரியவனே.

சிறைக்குள் இருந்தும் பிள்ளை அவர்கள் வழக்கறிஞர் என்னும் தந்நிலையை விட்டாரல்லர். அரசாங்கத்துக்கு மனுக்கள் பல எழுதினார். சட்டம் எதனைத் தருமென அறிந்து, அதனைக் கேட்டார். கேட்பது இழிவு என்று அவர் கருதவில்லை. கேளாது சாவதே வீரம் என்றும் கருதவில்லை. நம் இளைஞர் வீரம் என்பதற்குத் தவறான பொருள் கொள்ளாதிருக்க, இதனையும் நாம் அவர்களுக்குச் சொல்லுதல் வேண்டும்.

வீட்டாரைக் காண்பதும், கடிதம் எழுதுவதும் நெடுநாட்களுக்கு ஒருமுறையே கிடைக்கும் சலுகைகள். அவர் மனைவியார் மீனாட்சி அம்மையார் குழந்தைகளோடு படாத பாடுபட்டார். உழைப்பவர் சிறையில், தம்பியாரோ பித்தர், வழக்குச் செலவால் கைப்பொருள் கரைந்தது. மீனாட்சி அம்மையாருக்கு எந்த நீதிபதியும் தண்டனை விதிக்கவில்லை. ஆயினும் தண்டனையை அனுபவித்தார். 1910 ஆம் ஆண்டின் இறுதியில் பிள்ளை அவர்கள் மலையாளக் கரையிலுள்ள கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். சுற்றத்தாருக்கு அவர் இன்னும் தூரமானார்; காதில் விழும் மொழியும் வேறாயிற்று.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல எண்ணியதற்கு வருகின்றோம். பிறர் வகுத்த பொழுதினுள்ளே பிள்ளை அவர்கள் தமக்கென ஒரு சிறு பொழுதை அமைத்துக்கொண்டார். வேலை முடிந்த இடைவேளைகளிற் படித்தார், எழுதினார். தொல்காப்பியத்தை உரையோடு கற்றது சிறையிலேயே. பின்னாளில் இளம்பூரணர் உரையை அவர் பதிப்பித்தற்கு வித்து அங்கே ஊன்றப்பட்டது. ஜேம்ஸ் அலன் என்னும் ஆங்கில ஆசிரியர் 1903 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுநூலொன்றை மொழிபெயர்த்து மனம்போல வாழ்வு எனப் பெயரிட்டார். அது 1909 ஆம் ஆண்டில், அவர் சிறையில் இருக்கும்போதே அச்சேறிற்று. மனிதனது நிலை அவன் எண்ணத்தின்வழிப்பட்டது என்பது அந்நூலின் கருத்து. காலில் விலங்கு பூண்ட ஒருவர் இக்கருத்தை விரும்பித் தமிழாக்கியது எதனால் என்று நாம் பலகாற் சிந்தித்துள்ளோம். விலங்கு எண்ணத்தாற் பூட்டப்பட்டதன்று, அரசாங்கத்தாற் பூட்டப்பட்டது. இதனை அவர் அறியாதவரல்லர். தம் கையில் எஞ்சிய உடைமை மனமொன்றே எனக் கண்டு, அதனையாவது பிறர் கைக்குப் போகாமற் காக்கத் துணிந்தார் என்பதே நாம் கொள்ளும் விடை.

மெய்யறம், மெய்யறிவு என்னும் இரண்டு செய்யுணூல்களும் சிறையிலே பிறந்தவை. அவற்றுள் மெய்யறிவு பத்து அதிகாரங்கள் கொண்டது. அதன் அதிகார முறையைச் சிறிது நோக்குமின். தன்னை அறிதல் முதலாவது. விதியின் இயல்பை அறிதல் இரண்டாவது. உடம்பை வளர்த்தல் மூன்றாவது. மனத்தை ஆளுதல் நான்காவது. கூழுண்டு, சணல் கிழித்து, செக்கிழுத்து உடல் தேய்ந்த ஒருவர், உடம்பை வளர்த்தற்கு ஓரதிகாரம் வகுத்தார்! உடம்பைப் பழித்து, ஆன்மாவே பெரிது எனச் சொல்லியிருப்பின் அது எளிது. தம் துன்பத்துக்கு அஃதொரு மருந்தாகவும் இருந்திருக்கும். அவர் அவ்வாறு செய்திலர். உடம்பு பேணற்பாலது என்னும் சைவநெறி வழக்கிற் பிறழாது நின்றார். தம் உடம்புக்கு இழைக்கப்பட்டது தீங்கே என்பதையும் இதனாற் குறிப்பாக உணர்த்தினார் என்று கொள்ளலாம்.

மெய்யறமோ ஐந்து இயல்களும் 125 அதிகாரங்களும் உடையது. அதன் முதலியல் மாணவரியல். அடுத்தே இல்வாழ்வியலும், அரசியலும், அந்தணவியலும், மெய்யியலும் வருகின்றன. சிறையில் இருந்துகொண்டு மனித வாழ்வு முழுவதையும் ஒழுங்குபட எண்ணிய அவர், தொடங்குமிடமாகக் கண்டது பாடசாலைப் பிள்ளையை. ஆசிரியத் தொழில் பூண்ட நாம் இதனை அறிந்து நெஞ்சு நெகிழாதிருத்தல் அரிது.

1912 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் விடுதலை வந்தது. புறப்பட்ட நாளில் ஊர் திரண்டு ஆர்ப்பரித்தது. திரும்பிய நாளில் எதிர்கொண்டோர் மிகச் சிலர். அவருள் முதல்வர், வேறு சிறையிலிருந்து சற்று முன்னர் விடுபட்ட சுப்பிரமணிய சிவா. சிறை அவருக்கு அளித்த பரிசு தொழுநோய். இருவரும் ஒருவரையொருவர் கண்ட அந்நேரத்தை வருணிக்க நாம் முயலோம். வாசகர் தம் உள்ளத்திற் கண்டுகொள்க.

வெளியே வந்தவருக்கு வாழ்வு எங்கே? கப்பற் கம்பனி 1911 ஆம் ஆண்டிலேயே கலைக்கப்பட்டுக் கப்பல்களும் விலைப்பட்டுப் போயின. வழக்கறிஞர்க்குரிய அனுமதிப் பத்திரமும் பறிக்கப்பட்டிருந்தது. சொந்தச் சீமைக்குச் சென்று வாழவும் தடை இருந்தது. சென்னையிற் குடியேறிச் சில்லறைக் கடை வைத்தும் பிழைத்தார். சிறையிலே கிடைத்த கூழும் வெளியே நிச்சயமாகக் கிடையாத நாட்கள் அவை. கைதியின் தண்டனை வாயிற்கதவோடு முடிவதில்லை. உலகம் அவனை மறக்கும் மறதி அதன்பின்னும் தொடர்கின்றது. பல்லாண்டுகளின் பின், வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் அனுமதிப் பத்திரம் மீளக் கிடைத்தது. அந்நன்றியை மறவாது தம் புதல்வர் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியால் அத்துணை இடர்ப்பட்ட ஒருவர், ஆங்கிலேயன் ஒருவன் செய்த நன்மையைத் தம் வீட்டிலே நாள்தோறும் அழைக்கும் பெயராக்கினார். சிறை அவர் உடலை வாட்டிற்று. நெஞ்சை வன்பகை கொள்ளச் செய்ய அதனால் இயலவில்லை.

அதன்பின்னும் அவர் தமிழ்ப்பணியும் சைவப்பணியும் ஓய்ந்தில. திருக்குறளுக்கு மணக்குடவர் செய்த உரையின் அறத்துப்பாலை 1917 ஆம் ஆண்டிலும், தொல்காப்பிய எழுத்ததிகார இளம்பூரணத்தை 1928 ஆம் ஆண்டிலும் பதிப்பித்தார். சிவஞானபோதத்துக்கு அவர் எழுதிய உரை 1935 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1936 நவம்பர் மாதம் 18 ஆந் திகதி, தூத்துக்குடியில் இறைவனடி சேர்ந்தார். செல்வமாக அவர் விட்டுச்சென்றது ஒன்றுமில்லை. இறுதியில் எழுதிய மரணசாதனத்திற் கடன்களே குறிக்கப்பட்டிருந்தன. தம் வரலாற்றைச் செய்யுள் வடிவிற் பாடிவைத்திருந்தார். அது நூலுருப் பெற்றது அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 1946 ஆம் ஆண்டில். எக்கடற்றுறையினின்றும் அவர் கப்பல் கொழும்புக்கு வந்ததோ அத்தூத்துக்குடித் துறைமுகம் 2011 ஆம் ஆண்டுமுதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஆசிரிய அன்பர்காள்! இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்கு உரைக்கும்போது இரண்டு தவறுகளினின்றும் நம்மைக் காத்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஒன்று, சிறையைத் தவச்சாலை என்று புகழ்தல். சிறையில் நூல்கள் பிறந்தன என்பதனாற் சிறை நன்மை செய்தது என்பது பெறப்படாது. நூல்கள் பிறந்தது பிள்ளை அவர்களின் ஆற்றலால். சிறை செய்தது அவர் உடலையும் தொழிலையும் குடும்பத்தையும் கெடுத்ததே. அவரோடு அடைக்கப்பட்டிருந்த பெயர் தெரியாத பல நூற்றுவர் நூலொன்றும் எழுதவில்லை. அவர்களும் அதே கூழை உண்டு, அதே வரிசையிற் குந்தியிருந்தவர்களே. அவர்தம் துன்பம் ஏட்டில் ஏறாமையாற் சிறிதாகிவிடாது.

மற்றொன்று, எல்லாம் அவரவர் வினை என்று சொல்லி வாளா கடந்துபோதல். வினைக்கொள்கை நமக்குரியது, ஆயினும் பிறர் துன்பத்தைக் கண்டவிடத்து நம் கடமையை மறைத்துக்கொள்ளும் திரையாக அதனைப் பயன்படுத்துவது சைவமன்று. விதியின் இயல்பை ஆராய்ந்து ஓரதிகாரம் பாடிய பிள்ளை அவர்கள் அவ்வாறு வாளா இருந்தாரல்லர். மனு எழுதினார், கற்றார், கற்பித்தார், கைகூப்பியவனை மறவாது தம் வரலாற்றில் இடமளித்தார்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கின்றோம். நம் பாடசாலைகளிலும் மணி உண்டு, வரிசை உண்டு, எண்ணிக்கை உண்டு, தண்டனையும் உண்டு. ஒழுங்கின்றிக் கல்வி இல்லையாதலின் இவை வேண்டற்பாலனவே. ஆனால் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அழையாது இலக்கத்தால் அழைக்கும்போதும், அவன் நாணும்படி பலர்முன் நிறுத்தும்போதும், பொருள் விளங்காத வேலையைச் செக்குமாடு போலத் திரும்பத் திரும்பச் செய்யுமாறு ஏவும்போதும், எவ்விடத்து வழக்கத்தை எவ்விடத்துக்குக் கொணர்கின்றோம் என்பதைச் சற்றே எண்ணுதல் நன்று. சிறைக்குள் இருந்த ஒருவர் மாணவரியலை முதலில் வைத்து நூல் செய்தார். சிறைக்கு வெளியே, மாணவர் நடுவே, நாடோறும் நிற்கும் பேறு பெற்ற நாம், அவர்தம் பொழுதைப் பயனுள்ள பொழுதாக்கிக் கொடுப்போமாக. அதுவே பிள்ளை அவர்களின் சிறைநாட்களுக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கமாம்.